காலியாக விடாத கட்டம்

அத்தியாயம் ஒன்பது

ஆரம்பத்திலிருந்தே கூட வருகிறவர்களுக்கு ஸ்டோரம்மாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் அதற்குள் டீயை ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

ஸ்டோரம்மா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். துணி ஸ்டோர் அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பு எத்தனை, போர்வை எத்தனை, சலவைக்குப் போனது எத்தனை, திரும்பி வராதது எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள். வீட்டில்தான் சாமான்கள் அவளை மீறிப் பெருகின. கடையில் மலிவாகக் கிடைத்தது, தெருவில் யாரோ வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனது, ஒரு நாளைக்கு உதவும் என்று தோன்றியது, எல்லாம் சேர்ந்து கூடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றன.

இரண்டு வருடங்களுக்கு முன் அதில் ஓர் அடுக்கு சரிந்து மகள் மேல் விழுந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. இப்போது பதினாறு ஆகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். புத்தகத்தை விரித்து வைக்க இடமில்லாத வீட்டில் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கேட்டு, அவளுடைய அத்தை அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அத்தை என்றால் ஸ்டோரம்மாவின் நாத்தனார்; பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா கப்பலில் சமையல்காரர். அவரிடம் நடுக்கடலில் போய் யார் முறையிடுவது?

நாலு மாதத்துக்கு முன் ஸ்டோரம்மா எல்லாவற்றையும் இரண்டு லாரிகளில் ஏற்றி அனுப்பினாள். இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். பாப்பா வாசலில் நின்று லாரிகளுக்குக் கை காட்டினாள். அன்றே பையோடு அம்மாவிடம் திரும்பி வந்தாள்.

அந்த லாரிகள் இரண்டு தெரு சுற்றி, சாமான் வைக்க அறை வாடகைக்கு விடும் கட்டடத்தில் போய் நின்றது உங்களுக்கும் எனக்கும் ஸ்டோரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இருபத்திமூன்றாம் அறை. நேற்று மாலை அங்கிருந்து மேனேஜர் கூப்பிட்டார். அறையில் கரையான் இருக்கிறது, நாளை பதினொரு மணிக்கு வந்து திறந்து காட்ட வேண்டும் என்றார்.

அந்த நாளை இப்போது விடிந்துவிட்டது.

*

பாப்பா தன் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் போட்ட மேசை. வீட்டில் இடம் வந்ததும் முதல் வேலையாக ஸ்டோரம்மா வாங்கிப் போட்டது. அதற்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘எங்கள் வீட்டில் ஒரு மேசை’ என்று பாப்பா எழுதிய கட்டுரை. பள்ளியில் முதல் பரிசு வாங்கியது. தன் அம்மா பதினைந்து வருடம் சேர்த்ததை ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தாள் என்று அதில் எழுதியிருந்தாள். அத்தை டீச்சர் அதைத் தன் சக டீச்சர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாளாம். அண்ணியைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்டோரம்மா அந்தக் காகிதத்தைப் பார்க்காமலே அறையைப் பெருக்கப் பழகியிருந்தாள்.

"அம்மா," என்றாள் பாப்பா. "நாம குடுத்த சாமானெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கும்?"

ஸ்டோரம்மா தயங்கவே இல்லை. விரிப்புகள் ஒரு விடுதிக்குப் போயின, மின்விசிறிகளை ஒரு தையல் பள்ளிக்காரர் எடுத்துக்கொண்டார், வாளிகளை வாங்கிப்போன அம்மாள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். எது எத்தனை என்பதுகூடப் பிசகவில்லை. பொய் சொல்லும்போதும் அவளுக்கு இருப்புக் கணக்குச் சரியாக வந்தது.

"அந்த மரக்குதிரை?"

"அதுவா? ஒரு குழந்தை எடுத்துக்கிச்சாம். காலையில எழுந்ததும் நேரா அதுமேல போய்த்தான் உக்காருமாம்."

பாப்பா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். நல்லா இருக்கட்டும் என்றாள். பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லை. வழக்கம்போல அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் ஒரு தடவை திரும்பி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டாள். பார்த்துப் போ என்று மட்டும் சொன்னாள் ஸ்டோரம்மா.

*

ஆஸ்பத்திரியில் அரை நாள் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினாள். துணி கேட்டு மற்றவர்கள் கொண்டுவரும் சீட்டில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் அவள். வார்டு நர்ஸுகள் அவளுக்குப் பயந்தே ‘இல்லை’ என்றாவது எழுதிக்கொண்டு வருவார்கள்.

போகிற வழியில் அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். ஒரு பெரிய விபத்து நடந்த அன்று அறுபது பேரை ஒரே நேரத்தில் கொண்டுவந்தார்கள். அவள் யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருந்த இருநூறு விரிப்புகள்தான் கைகொடுத்தன. தலைமை டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அங்கே அது முன்யோசனை. அதையே வீட்டில் செய்தபோது மகளின் கை முறிந்தது. இந்த இரண்டும் எங்கே பிரிகிறது என்று இத்தனை நாளாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

வாடகை அறைக் கட்டடத்தில் ஜன்னலே கிடையாது. ஆள் நடக்க நடக்க விளக்கு எரியும், கடந்து போனதும் அணையும். இரண்டு பக்கமும் மஞ்சள் ஷட்டர்கள். இருபத்திநாலாம் அறை வாசலில் ஒருவர் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் கட்டுகிறவராம். கடை மாற்றும்வரை அட்டைகளையும் துணியையும் இங்கே வைத்திருந்தாராம். கையில் எடுத்த அட்டை அப்படியே பொடியாக உதிர்ந்தது. உங்க பக்கத்துச் சுவரிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இருபத்திமூன்றாம் அறை முன்னால் மேனேஜர் நின்றார். அவர் காலடியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, திருப்புளியின் பிடியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முதுகில் மருந்து டப்பா. அந்த முதுகைப் பார்த்ததுமே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

நாத்தனாரின் வீட்டுக்காரர். கரையான், கரப்பான், எலி என்று ஊரெல்லாம் மருந்து அடிப்பது அவர் தொழில். கல்யாணமான நாளிலிருந்து ஸ்டோரம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். உலகத்தில் இத்தனை மருந்துக்காரர்கள் இருக்க, இந்தக் கட்டடத்துக்காரன் இவரையா தேடிப்பிடித்துக் கூப்பிட வேண்டும்?

அண்ணன் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீங்க எங்கம்மா இங்க? ஆஸ்பத்திரிக்கும் இங்க அறை இருக்கா?"

பாவம், அவராகவே ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஸ்டோரம்மா யோசிக்கவே இல்லை, அதற்குள் புகுந்துகொண்டாள்.

"ஆமாண்ணா. பழைய துணியெல்லாம் இங்கதான் வைக்கிறோம்."

அந்தப் பொய்க்கு ஆயுசு அரை நிமிஷம். மேனேஜர் சாவியை வாங்கி ஷட்டரைத் தூக்கினார். விளக்கு எரிந்தது. வாசலுக்கு நேராக, எல்லாவற்றுக்கும் முன்னால், மரக்குதிரை நின்றது. சிவப்புச் சேணம், ஒரு காது உடைந்தது. பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு அண்ணனே தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த குதிரை.

அண்ணன் குதிரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் மருந்து டப்பாவின் பட்டையைச் சரிசெய்தார். வெட்கம் பிடுங்கித் தின்பது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று ஸ்டோரம்மாவுக்கு அந்த இடத்தில் தெரிந்தது. காது மடல்கூடச் சுட்டது.

*

உள்ளே போனால் அது குப்பை அறை இல்லை, ஸ்டோர். இரும்பு அலமாரிகள் நாலு, அவற்றில் வரிசையாக எண் போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நூல் கோத்த ஓர் அட்டை. என்ன சாமான், எத்தனை, எங்கிருந்து வந்தது, நிலை என்ன, தேதி, கையெழுத்து. ‘வாளி. ஏழு. தள்ளுபடிக் கடை. நிலை: நல்லது.’ ‘குடைக்கம்பி. பதினொன்று. நிலை: துணி இல்லை.’ ‘போன் வந்த காலி டப்பா. பத்தொன்பது. நிலை: நல்லது.’

ரகசியமாக வைத்த சாமானுக்கு யாராவது சீட்டுப் போடுவார்களா? ஸ்டோரம்மா போடுவாள். போடாமல் இருக்க அவள் கைக்குத் தெரியாது.

அண்ணன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். பின்சுவரில் ஒரு மரச் செருப்பு அலமாரி முன் நின்றார். அதன் கால் இருந்த இடத்தில் மண்குழாய் மாதிரி கரையான் ஏறியிருந்தது. அட்டையைப் புரட்டிப் படித்தார். ‘செருப்பு அலமாரி. ஒன்று. தெருமுனை. நிலை: நல்லது.’

"நிலை நல்லதா இல்லம்மா," என்றார் மெதுவாக.

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்யத் தெரிந்த மனிதரும் இல்லை. ஆனால் அவர் கண் அடுத்த வரிக்குப் போனதை அவள் பார்த்தாள். தேதி. மூன்று வாரத்துக்கு முந்தையது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, பாப்பா வீடு திரும்பி, கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கிய பிறகு தெருமுனையிலிருந்து தூக்கிவந்தது. பழசை விட மனம் வரவில்லை என்றாவது அதுவரை சொல்லியிருக்கலாம். அந்தத் தேதிக்கு அப்புறம் அதையும் சொல்ல முடியாது.

கரையான் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க அவர் இரண்டாவது அலமாரியின் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார். ஸ்டோரம்மா வேகமாக முன்னால் வந்து, அது வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குள் அறுபத்தொன்றாம் பெட்டி அவர் கையில் இருந்தது. அட்டையைப் படித்தார். மூடியைத் திறந்தார்.

மாவுக்கட்டு. பாப்பாவின் மணிக்கட்டுக்குப் போட்டது. டாக்டர் நீளவாக்கில் வெட்டிக் கழற்றியது, வெட்டியபடியே இருந்தது. வெள்ளை மங்கி மஞ்சளாகியிருந்தது. பாப்பாவின் தோழிகள் அதன்மேல் எழுதியதெல்லாம் இன்னும் படிக்க வந்தது. நடுவில் ஆறு கால், இரண்டு மீசையோடு ஒரு கரப்பான் படம். வலியில் அழுத பிள்ளையைச் சிரிக்க வைக்க அண்ணன் வரைந்தது.

அவர் அந்தக் கரப்பானின் மீசையை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே மேனேஜர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"இத ஏம்மா வச்சிருக்கீங்க?"

"தெரியலண்ணா. தூக்கிப்போட கை வரல. நான் செஞ்சத நானே தூக்கிப்போட்ட மாதிரி ஆயிடுமேன்னு இருந்துச்சு."

அண்ணன் மாவுக்கட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். அட்டையின் நூலைக்கூடப் பழையபடி முடிந்தார். அவர் அப்படி மரியாதையாகச் செய்ததுதான் அவளை உடைத்தது. அழவில்லை, அழுதால் அவர் ஆறுதல் சொல்வார், அதைத் தாங்க முடியாது. அதற்குப் பதிலாக அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தாள்.

"அண்ணா, நாத்தனாருக்குத் தெரிய வேண்டாம். பாப்பாவுக்குத் தெரிஞ்சா திரும்பவும் போயிடுவா. நான் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணிடறேன். நீங்க என்னைப் பாக்கவே இல்லன்னு இருந்துடுங்க."

சொன்ன பிறகு அவள் தலை தானாகத் தாழ்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதரிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவள் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது, அவருடைய மனைவியிடமே பொய் சொல்லச் சொல்லி.

அண்ணன் யோசித்தார். விஷயம் என்னவென்றால், அவர் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். எந்தக் கட்டடத்தில் எந்த அறையில் என்ன கரையான் என்ற ரிப்போர்ட்டையெல்லாம் மாலையில் அவர் சொல்லச் சொல்ல டீச்சர்தான் எழுதிக்கொடுப்பாள். அறை எண், வாடகைக்காரர் பெயர் எல்லாம் அதில் வரும்.

"இன்னிக்கு நானே எழுதிக்கறேன்," என்றார். "அவ கேக்காம நான் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கத் தெரியாதும்மா எனக்கு. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்." பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க," என்றார்.

சொல்கிறேன் என்றாள். சொல்லும்போது நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தாள்.

*

மருந்து அடிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட மேனேஜர் அவளுடைய பழைய படிவத்தை எடுத்துவந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லாமல் யாரும் நிரப்பிக் கொடுத்ததில்லையாம். அவசரத்துக்கு இன்னொருவர் எண் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்களாம்.

ஸ்டோரம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கையெழுத்தில், அழகாக, பாப்பாவின் எண்.

நாலு மாதத்துக்கு முன் அந்தக் கட்டத்தில் பேனா நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கோடு இழுக்கக் கை வரவில்லை. கோடு இழுத்த சீட்டுகளை அவள் எத்தனை தடவை நர்ஸுகளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கணவர் கடலில். நாத்தனார் எண்ணை எழுதினால் அன்றைக்கே கதை முடிந்தது. மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் ஒன்றுதான் இருந்தது. கை எழுதிவிட்டது.

இந்த எண்ணுக்கு ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டாள்.

காலையிலேயே இரண்டு எண்ணுக்கும் மெசேஜ் போயிருக்கும் மேடம், எல்லாம் தானாகவே போய்விடும் என்றார் மேனேஜர், தன் கட்டடத்தின் பெருமையைச் சொல்கிற தோரணையில்.

*

பஸ்ஸில் முழு வழியும் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். பார்த்திருக்க மாட்டாள். பரீட்சை நேரம், காலையில் போனையே தொடுவதில்லை. பார்த்திருந்தால் அப்படி அமைதியாக உட்கார்ந்து ரொட்டி தின்பாளா? சாமான் யாரிடம் இருக்கும் என்று சாதாரணமாகக் கேட்பாளா?

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பாப்பா வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஸ்டோரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். இன்றைக்கே சொல்லிடுங்க என்று அண்ணன் சொன்னது காதில் இருந்தது. சொல்லத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொன்னாள். நானாகச் சொன்னால் ஒரு மாதிரி, அவளாக மெசேஜில் படித்தால் வேறு மாதிரி. முதலில் இதை எடுத்துவிட்டால், அப்புறம் நிதானமாக, நல்ல வார்த்தையாகப் பார்த்து, சனிக்கிழமை சொல்லலாம். திருட்டு வேலைக்குக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்?

போனைத் திறக்க நாலு எண் வேண்டும். அது அவளுக்குத் தெரியும். திரும்பி வந்த முதல் வாரத்தில் பாப்பாவே சொன்னாள், உன் பிறந்தநாள்தாம்மா, மறக்காது என்று.

தன் பிறந்தநாளைத் தட்டினாள். போன் திறந்தது. மெசேஜ் முதலாவதாக இருந்தது. ‘இருபத்திமூன்றாம் அறையில் கரையான். தங்கள் சாமான்களின் பாதுகாப்புக்காக இன்று பதினொரு மணிக்கு அவசியம் வரவும்.’ கீழே கட்டடத்தின் விலாசம், வாடகைக்காரர் பெயராக அவள் பெயர்.

அழித்தாள்.

ஸ்டோருக்கு வரும் மூட்டையில் கட்டு ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அவள் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த மெசேஜை அதற்கு முன்பே யாராவது திறந்திருக்கிறார்களா என்று இன்று அவள் பார்க்கவில்லை. போனை இருந்த கோணத்திலேயே கவிழ்த்து வைத்தாள். தலையைத் தூக்கினால் கட்டுரை. கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள். காரணமே இல்லாமல் மறுபடியும் போய்க் கழுவினாள்.

*

ஐந்து மணிக்குப் பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், நேராக மேசைக்குப் போனாள், போனைத் திருப்பினாள். ஸ்டோரம்மா அடுப்பில் டீயைக் கலக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். பாப்பா விரலால் திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். போனைத் திரும்பவும் மேசையில் வைத்தாள்.

பிறகு தன் அறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் பெரிய பை இருந்தது, அத்தை வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பை. அதற்குள் நாலைந்து துணிகள். ஜிப்பைப் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஸ்டோரம்மா டீயை நீட்டினாள். இன்று வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவள் காதுக்கே கூசியது.

"மெசேஜ் காலையிலயே படிச்சிட்டேம்மா," என்றாள் பாப்பா. "நீ குளிச்சிட்டு இருந்தப்ப. அதனாலதான் உன்கிட்ட கேட்டேன். நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

ஸ்டோரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வாளி வாங்குன அம்மா, தையல் பள்ளிக்காரர், எல்லாம் நீ சொல்லச் சொல்லப் பொய்யின்னு தெரிஞ்சுது. ஆனா அந்தக் குழந்தை..." பாப்பா நிறுத்தினாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மனசு சரியில்லாதபோது அவளுக்கு வரும் பழக்கம். "கிளாஸ்ல உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்கு என்ன வயசு இருக்கும்னு. குதிரைய மட்டுமாவது நீ நெஜமா குடுத்திருப்பேன்னு."

காலையிலிருந்து ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடாத ஸ்டோரம்மா இதைக் காலியாக விட்டாள்.

"சாயங்காலம் வந்ததும் நீ சொல்லிடுவேன்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன். வந்து பாத்தா மெசேஜக் காணோம்." பாப்பாவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "என் போனத் திறந்தியாம்மா?"

ஸ்டோரம்மா தலையசைத்தாள். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் எங்காவது பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது. எத்தனையோ பொய்யை வாய் கூசாமல் சொன்னவளுக்கு, ஆமாம் என்று ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

அப்போது போன் அடித்தது. திரையில் ‘அத்தை’ என்று எரிந்தது. அந்த வீட்டில் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று ஸ்டோரம்மாவுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் தன் ரிப்போர்ட்டைத் தானே எழுத உட்கார்ந்திருப்பார். டீச்சருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

பாப்பா போனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அந்த எடம் எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

"ஏழு," என்றாள் ஸ்டோரம்மா.

"சாவிய எடுத்துக்க. நான் பாக்கணும்."

பார்த்த பிறகு பையின் ஜிப்பைப் போடுவாளா, துணிகளைத் திரும்ப எடுத்து வைப்பாளா என்று பாப்பா சொல்லவில்லை. ஸ்டோரம்மாவுக்குக் கேட்க வாயும் இல்லை. ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் உறைக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். நாலு மாதமாக அது அங்கேதான் இருந்தது, அவள் நெஞ்சுக்கு நேராக.

வாசலில் செருப்பை மாட்டும்போது பாப்பா கேட்டாள்.

"அங்க என்னோடது ஏதாவது இருக்கா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள் அவள். எந்த அலமாரி, எந்தத் தட்டு, என்ன நிலை என்பதெல்லாம் கண்முன் வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் காட்டிக்கொடுக்க மாட்டார். மகளின் இடது கை இன்னும் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது அலமாரி," என்றாள் ஸ்டோரம்மா. "அறுபத்தொண்ணாம் பெட்டி. உன் கை."